அம்மாவைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டவை

போன வாரம் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த நண்பன் ஒருவன் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தான். அவனுடைய அப்பாவுக்குப் பக்கவாதம். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நாளை மறுநாள் டிஸ்சார்ஜ். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி என்னடா பண்ணணும்? ஒரு பேப்பர்ல மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க, அவ்வளவுதான்" என்றான். ஒன்றரை மணி நேரம் பேசினேன். போனை வைத்த பிறகும் இதைச் சொல்லவில்லையே, அதைச் சொல்லவில்லையே என்று புரண்டுகொண்டே இருந்தேன். அவனிடம் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன். வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற யாருக்காவது பயன்படும்.

என் அம்மாவுக்கு இப்போது 77 வயது. திருச்சி உறையூரில் இருக்கிறோம். மூன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போனது. எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்த கை அது. இப்போது அம்மாவுக்கு வாயில் வருவது "அதான்", "வேணாம்", "தம்பி" இப்படி ஏழெட்டு வார்த்தைகள்தான். ஆனால் நாம் பேசுவது முக்கால்வாசி புரிகிறது. நானும் என் மனைவியும் பார்த்துக்கொள்கிறோம். அக்கா கோயம்புத்தூரில், தம்பி சிங்கப்பூரில்.

முதலில் அந்தக் காலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பக்கவாதம் ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடியும் வரக்கூடியது. ஐந்து மணிக்கு அம்மா எழுந்து பால் காய்ச்சியதை என் மனைவி பார்த்திருக்கிறாள். ஐந்தரைக்குக் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று தைலம் தேய்த்தோம், வெந்நீர் கொடுத்தோம், ஒன்பது மணிக்கு டாக்டர் வருவார் என்று உட்கார்ந்திருந்தோம். சி.டி. ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தேகால். ரத்தக்கட்டி அடைத்து வருகிற பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் ஸ்கேன் எடுத்து மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்த பிறகுதான். எங்களுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. முகம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, மூன்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108. சாப்பிடவோ குடிக்கவோ ஒன்றும் கொடுக்காதீர்கள், புரையேறிவிடும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள், டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ராத்திரியிலும் சி.டி. எடுக்கும் ஆஸ்பத்திரி எது என்று இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி வீட்டு விஷயம்.

பெற்ற தாயைப் பார்த்துக்கொள்ள யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பாசம் இருந்தால் தானாக வந்துவிடும் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். அது அப்படி வராது. ஒரு ஆளைப் படுக்கையில் திருப்புவதும், உட்காரவைப்பதும், ஊட்டுவதும் தையல் மாதிரி, சைக்கிள் மாதிரி கையால் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஆஸ்பத்திரி வார்டில் இருந்த ஓர் ஆயாம்மா. நாலாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா படுக்கையை நனைத்துவிட்டார். நான் அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கப் போனேன். "கையப் புடிச்சு இழுக்காத தம்பி, தோள் எறங்கிடும்" என்று சொல்லிவிட்டு அந்த ஆயாம்மா பக்கத்தில் வந்து நின்றார். அம்மாவின் முழங்காலை மடித்து, ஒரு கை இடுப்பிலும் ஒரு கை தோள்பட்டைக்குப் பின்னாலும் வைத்து, மரக்கட்டையை உருட்டுவது போல மொத்த உடம்பையும் ஒன்றாகத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார். நனைந்த விரிப்பை நீளவாக்கில் சுருட்டி அம்மாவின் முதுகோடு ஒட்டித் தள்ளினார். புது விரிப்பின் ஒரு பாதியைக் கட்டிலில் விரித்து, மறுபாதியைச் சுருட்டி அதற்குப் பக்கத்திலேயே வைத்தார். பிறகு அம்மாவை அந்தச் சின்ன மேட்டைத் தாண்டி மறுபக்கம் சாய்த்து, பழையதை உருவி எடுத்துவிட்டுப் புதியதை இழுத்து விட்டார். மொத்தம் இரண்டு நிமிடம். அம்மாவுக்கு ஒரு முனகல்கூட இல்லை.

அடுத்த நாள் அவர் முன்னால் நான் செய்தேன், சுருக்கம் விழுந்தது, மறுபடியும் செய்யச் சொன்னார். விரிப்பில் சுருக்கம் இருந்தால் அதுவே புண்ணுக்கு ஆரம்பம் என்று அவர்தான் சொன்னார்.

மகன் எப்படி அம்மாவுக்கு டயப்பர் மாற்றுவது என்று தயங்கினேன், அம்மாவும் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கும் அவர்தான் வழி சொன்னார். ஒரு துண்டை மேலே போர்த்திவிட்டு அதற்குள்ளேயே வேலையைச் செய், "அம்மா, தொடைக்கப் போறேன்", "அம்மா, இந்தப் பக்கம் திருப்பறேன்" என்று ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய், ஊமையாகச் செய்யாதே என்றார். இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான் செய்கிறோம். பெண்களுக்கு முன்னாலிருந்து பின்னால் துடைக்க வேண்டும், பின்னாலிருந்து முன்னால் துடைத்தால் சிறுநீரில் தொற்று வரும். இதெல்லாம் டிஸ்சார்ஜ் பேப்பரில் இருக்காது. அதனால் நண்பனுக்கு நான் சொன்ன முதல் விஷயம் இதுதான்: டிஸ்சார்ஜுக்கு முந்தின இரண்டு நாளும் வார்டில் உட்கார்ந்து போன் பார்க்காதே, நர்ஸ் அக்கா, ஆயாம்மா, பிசியோதெரபி தம்பி யார் உன் அப்பாவைத் தொட்டாலும் பக்கத்தில் போய் நின்று பார், பிறகு "நான் செய்யறேன், சரியான்னு பாருங்க" என்று கேள். யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

படுக்கைப்புண் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வந்துவிட்டால் ஆற மாதக்கணக்காகும், வராமல் பார்த்துக்கொள்வதற்குப் பெரிய செலவு இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். மல்லாக்க, இடப்பக்கம், வலப்பக்கம் என்று சுற்று. காற்று ஏறி இறங்குகிற ஏர் பெட் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ போடுங்கள், ஆனால் அதைப் போட்டுவிட்டால் திருப்ப வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். பக்கவாட்டில் படுக்கவைக்கும்போது முழுசாக ஒருக்களிக்காமல் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை அண்டை கொடுத்துச் சற்றே சாய்த்தால் போதும், இடுப்பெலும்பு அழுந்தாது. இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று, குதிகால் மெத்தையைத் தொடாமல் தொங்க வேண்டும். குதிகாலை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், எங்கள் அம்மாவுக்கு முதலில் கன்றியது அங்கேதான்.

தினமும் குளிப்பாட்டித் துடைக்கும்போது வாலெலும்பு, இடுப்பு, குதிகால், முழங்கை, காதுமடல் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். "சிவந்திருக்கிறதா பாருங்கள்" என்று எழுதியிருப்பார்கள், நம்முடைய நிறத்துக்குச் சிவப்பு தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிடக் கறுத்தோ, ஊதா மாதிரியோ, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அதுதான் ஆரம்பம். அந்த இடத்தின் மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டு அன்றைக்கே நர்ஸையோ டாக்டரையோ கேளுங்கள். ரத்தம் ஓடட்டும் என்று அங்கே தேய்த்துவிடக் கூடாது, உள்ளே சதை இன்னும் நசுங்கும். டயர் மாதிரி நடுவில் ஓட்டை இருக்கிற தலையணையும் வேண்டாம், அது சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்தம் போகாமல் செய்யும். பவுடர் கொட்டாதீர்கள், வியர்வையில் கட்டியாகி உராயும். நன்றாக ஒற்றித் துடைத்து, டயப்பர் படுகிற இடத்தில் துத்தநாகம் கலந்த கிரீம் மெல்லிசாகத் தடவினால் போதும்.

சாப்பாட்டில் எனக்கு ஆச்சரியமாக இருந்த விஷயம், விழுங்கக் கஷ்டப்படுகிறவர்களுக்குச் சோற்றைவிடத் தண்ணீர்தான் ஆபத்து என்பது. தண்ணீர் வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், கெட்டியான பொருள் மெதுவாக இறங்கும். கேழ்வரகுக் கூழ், பருப்பும் நெய்யும் போட்டு மசித்த சோறு, தயிர் இதெல்லாம் அம்மாவுக்கு எளிதாகப் போனது, ரசமும் காபியும்தான் புரையேறின. அம்மாவுக்குக் காபி இல்லாமல் முடியாது. பேச்சும் விழுங்குவதும் பார்க்கிற தெரபிஸ்ட் ஒரு கெட்டிப்படுத்தும் பவுடர் எழுதிக் கொடுத்தார், அதைக் கலந்து ஸ்பூனால் கொடுத்தோம். முதல் நாள் அம்மா அந்த ஸ்பூனை உதட்டில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும், முகவாய் சற்றே கீழே குனிந்திருக்க வேண்டும், பலம் இருக்கிற பக்கம் வாயில் வைக்க வேண்டும், சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது படுக்கவைக்கக் கூடாது. விழுந்த பக்கத்துக் கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியே இருக்கும், அவர்களுக்கே தெரியாது, விரலில் ஈரத் துணி சுற்றி எடுத்துவிடுங்கள். சாப்பிடும்போது இருமல் வந்தாலோ, சாப்பிட்ட பிறகு குரல் தொண்டையில் தண்ணீர் நிற்கிற மாதிரி களகளவென்று இருந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். இருமல்கூட இல்லாமல் உள்ளே போய் நிமோனியா ஆவதும் உண்டு. வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்வது அதற்கும் ஒரு காவல், பல் இல்லாதவர்களுக்கும் காலையும் ராத்திரியும் வாயைத் துடைத்துவிட வேண்டும்.

உடுத்துவதில் ஒரு சின்ன விதி. போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்கணும், கழற்றும்போது விழுந்த கை கடைசி. இதை மாற்றிச் செய்தால் தோள் வலிக்கும், துணி கிழியும். சேலை கட்டிய அம்மா நைட்டிக்கு மாறினார், ஆனால் தலைவழியாகப் போடுகிற நைட்டி போராட்டமாக இருந்தது. என் மனைவி அம்மாவின் தையல் மெஷினை எடுத்து நான்கு நைட்டியையும் முன்பக்கம் வெட்டித் தைத்தாள். அவளுக்குத் தையல் அவ்வளவாக வராது. அம்மாவை நாற்காலியில் பக்கத்தில் உட்காரவைத்திருந்தோம். பிரஸ் பட்டன் வைக்க வேண்டிய இடத்தில் அம்மா இடது கையின் ஆள்காட்டி விரலை வைத்தார், அவள் சாக்பீஸால் புள்ளி வைத்தாள், விரல் நான்கு அங்குலம் நகர்ந்தது, அடுத்த புள்ளி. ஒரு இடத்தில் மடிப்பு கோணலாகப் போனதும் "வேணாம்" என்று துணியைப் பிடித்து இழுத்துவிட்டார், பிரித்துத் தைத்தோம். அன்றைக்கு மத்தியானம் முழுக்க அம்மா தூங்கவே இல்லை. அவர்களுக்குத் தெரிந்த வேலையில் ஒரு துண்டையாவது அவர்கள் கையில் கொடுங்கள் என்று பிசியோ தம்பி சொல்லிக்கொண்டே இருந்தார், அது எதற்கென்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்புறம், வயதானவர்கள் திடீரென்று மாறிப் பேசினால் அது "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். இரண்டாம் வருஷம் ஒரு சாயங்காலம் அம்மா என்னை அடையாளம் தெரியாதவர் மாதிரி பார்த்தார், இறந்துபோன பெரியம்மாவைக் கையால் கூப்பிட்டார், ராத்திரியெல்லாம் போர்வையைப் பிய்த்தார், காலையில் சாப்பிடவில்லை. காய்ச்சல் இல்லை. அக்கம்பக்கத்தில் "கடைசிக் காலம்" என்றார்கள், அக்காவைக்கூட வரச் சொல்லிவிட்டேன். சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று, ரத்தத்தில் சோடியம் என்கிற உப்புச்சத்து குறைவு. மருந்து கொடுத்து ஐந்தாவது நாள் அம்மா "தம்பி" என்றார். பெரியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமல் குழப்பமாக மட்டுமே வெளிப்படலாம். இரண்டு மூன்று நாளுக்குள் ஆளே மாறினால் தொற்று, சோடியம், சர்க்கரை, மலச்சிக்கல், புதிதாக ஆரம்பித்த மாத்திரை இந்த ஐந்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்துவிட்டால் சர்க்கரை இறங்கிப்போகும், சாப்பிடாத நாளில் வழக்கமான அளவைக் கொடுக்கலாமா என்று கேட்காமல் கொடுக்காதீர்கள். யூரின் டியூப் போட்டிருந்தால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. நாற்காலிக்கு மாற்றும்போது பையைத் தூக்கி மடியில் வைப்பார்கள், அதுதான் தப்பு.

மாத்திரைக்கு ஒரு நோட்டு போடுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். எந்த மாத்திரை, எவ்வளவு, யார் எழுதியது, எதற்காக, எப்போது நிறுத்தச் சொன்னார்கள். இதய டாக்டர் ஒன்று எழுதுவார், நரம்பு டாக்டர் ஒன்று எழுதுவார், இரண்டு பேரும் பெயர் மாறி ஒரே மருந்தை எழுதியிருப்பது நோட்டைக் காட்டினால்தான் தெரியும். மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதாக இருந்தால் மருந்துக்கடைக்காரரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், மெதுவாகக் கரைகிற மாதிரி செய்த மாத்திரையைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும்.

அரசாங்கத்திடமிருந்து எங்களுக்கு உண்மையில் உதவியது மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள் என்பது பலருக்குத் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பிசியோதெரபிஸ்டும், வலி தணிப்புச் சிகிச்சை நர்ஸும் அதே திட்டத்தில் வீட்டுக்கு வருவார்கள் என்பது தெரியாது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் பதிந்துவிட்டு வாருங்கள், ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். கை கால் விழுந்தவர்களுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்கலாம், 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்று வந்தால் பல சலுகைக்கு அதுதான் வாசல். கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். சக்கர நாற்காலிக்கும் அங்கேதான் மனு. ஆதரவில்லாத பெரியவர்களுக்கான முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது, அதற்குத் தாசில்தார் அலுவலகம். யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை என்றால் 14567 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண், காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. சென்னையில் இருப்பவர்களுக்குக் கிண்டியில் கிங் நிலைய வளாகத்தில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது, 200 படுக்கை. முதியோர் மருத்துவத்துக்கென்று நாட்டிலேயே முதலில் எம்.டி. படிப்பு வந்தது சென்னை மருத்துவக் கல்லூரியில்தான், 1996இல். ஒரே ஆளுக்கு ஐந்து டாக்டரைப் பார்த்து அலைகிறவர்கள் முதியோர் நல டாக்டர் ஒருவரிடம் மொத்த மாத்திரையையும் கொட்டிக் காட்டினால் பாதிச் சுமை குறையும்.

ஞாபக மறதி நோய் இருக்கிற வீட்டுக்கு வேறு விதமான அறிவு வேண்டும், எனக்கு அதில் நேர் அனுபவம் இல்லை. சென்னையில் ஸ்கார்ஃப் என்கிற மனநல நிறுவனத்தின் டெம்கேர்ஸ் என்ற மறதிநோய் மையம் இருக்கிறது, குடும்பத்தாருக்கும் வழி சொல்கிறார்கள்.

பேங்க் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். அப்பா தபால்துறையில் வேலை பார்த்தவர், அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. கையெழுத்து போட முடியாத அம்மாவை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார் கிளை ஒன்றில் இருந்தவர். ரிசர்வ் வங்கி விதியில் இதற்கு வழி இருக்கிறது: கையெழுத்து போட முடியாத நோயாளியின் கைவிரல் ரேகையோ, அதுவும் முடியாவிட்டால் கால் கட்டைவிரல் ரேகையோ வாங்கலாம், சாட்சி இரண்டு பேர், ஒருவர் பேங்க் அதிகாரியாக இருக்க வேண்டும். 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று 2017 நவம்பரில் சுற்றறிக்கையும் உண்டு. நான் அதை அச்செடுத்துக்கொண்டு போய் மேனேஜரிடம் பொறுமையாகக் காட்டினேன், அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தார்கள். நவம்பரில் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றுக்கும் எங்கேயும் போக வேண்டியதில்லை. தபால்காரரே கருவியோடு வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்கு எடுத்துத் தருவார், ரேகை தேய்ந்துபோனவர்களுக்கு முகத்தைக் காட்டி எடுக்கும் வசதியும் வந்துவிட்டது. அப்பா இருந்த துறையின் ஆள் என்று அம்மா அவருக்குக் காபி கொடுக்கவைக்காமல் விடுவதில்லை.

அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதி வாங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவருக்குச் சுயநினைவு தவறி, யோசித்து முடிவெடுக்க முடியாத நிலை வந்துவிட்டால் அந்தப் பத்திரம் சட்டப்படி செல்லாமல் போய்விடும். அதனால் கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுவது, நாமினி சேர்ப்பது, உயில் எழுதுவது எல்லாம் அவர்கள் தெளிவாக இருக்கும்போதே நடக்க வேண்டும். வீட்டைப் பிள்ளை பேரில் செட்டில்மெண்ட் எழுதுவதற்கு மட்டும் நான் அவசரப்படச் சொல்ல மாட்டேன். அப்படியே எழுதினாலும், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007ஆம் வருஷத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தில், அந்த நிபந்தனையை மீறினால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். இதைப் பிள்ளையாக இருந்துகொண்டே சொல்கிறேன்.

கடைசியாகப் பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றி. முதல் வருஷம் நான் எட்டு கிலோ இளைத்தேன், என் மனைவிக்கு முதுகு பிடித்து இரண்டு வாரம் நிமிர முடியவில்லை. இடுப்பை வளைத்துத் தூக்கியதால் வந்தது. முழங்காலை மடக்கி, அவர்கள் உடம்பை நம் உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் கற்றோம். ஒரு நாள் ராத்திரி மூன்று மணிக்கு, நான்காவது தடவை விரிப்பை மாற்றும்போது அம்மாவைக் கத்திவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் 14416க்குப் போன் செய்து பேசினேன். டெலி மானஸ் என்கிற அரசாங்கத்தின் இலவச மனநல ஆலோசனை எண் அது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். போனில் பேசிய பெண் என்னைத் திட்டவில்லை, கடைசியாக எப்போது ஆறு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினீர்கள் என்று கேட்டார். எனக்கு ஞாபகம் வரவில்லை.

அதற்கப்புறம்தான் அக்காவிடமும் தம்பியிடமும் வாய்விட்டுக் கேட்டேன். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பவர்களிடம் "பரவால்ல, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவர்களுக்கும் எதைச் செய்வதென்று தெரியாது. இப்போது ராத்திரிக்கு வருகிற ஆயாம்மாவின் சம்பளமும் டயப்பர் செலவும் தம்பியுடையது, மாதம் முதல் தேதி வந்துவிடும். டாக்டர் அப்பாயின்ட்மெண்ட், மாத்திரை ஆர்டர், இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாம் அக்கா போனிலேயே பார்த்துக்கொள்கிறாள். வருஷத்தில் இரண்டு தடவை பத்து நாள் அக்கா இங்கே வந்து இருப்பாள், நாங்கள் இரண்டு பேரும் பிள்ளைகளோடு எங்கேயாவது போய்விட்டு வருவோம். ஆயாம்மா வைக்கும்போது ஆதார் நகல் வாங்கிக்கொள்ளுங்கள், அவர் முன்னாலேயே இரண்டு நாள் நீங்கள் செய்து காட்டுங்கள், வாரத்தில் ஒரு நாள் அவருக்கும் லீவு கொடுங்கள். ஏஜென்சி கேட்பதில் எவ்வளவு அவர் கைக்குப் போகிறது என்றும் விசாரியுங்கள். அந்த வேலையின் கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

அடுத்த மாதம் அக்கா வருகிறாள். அவளுக்காகக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிற தாளைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நண்பனுக்கும் அதையே போட்டோ எடுத்து அனுப்பினேன், அவன் அப்பாவுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளச் சொல்லி. காலை 6: வாய் துடைப்பது, பக்கம் மாற்றுவது, குதிகால் பார்ப்பது. 6.30: கெட்டிக் காபி, ஸ்பூனில். 8: மாத்திரை மூன்று, நோட்டில் டிக். 10: பிசியோ, விழுந்த கையின் ஒவ்வொரு விரலும் பத்து முறை. மதியம் 3: நாற்காலியில் உட்காரவைக்கணும், தையல் மெஷின் பக்கம் பார்த்து. ஜன்னல் பக்கம் வேணாம், வெயில் முகத்தில் அடிக்கும்.